பிள்ளைகளின் நடைக்குத் தக்கபடி

(ஆதியாகமம் 33-ம் அதிகாரம் 12 முதல் 14 முடிய உள்ள வசனங்களை வீட்டில் வாசித்துக்கொள்ளவும்.)



பிதாப்பிதாவாகிய யாக்கோபு அந்நிய தேசத்தில் 20 வருஷம் உழைத்தபின், மனைவி மக்களோடும் ஆடு மாடுகளோடும் சொந்த நாட்டுக்குத் திரும்பி வருகிறார். அண்ணன் எசாவு 400 ஆட்களோடு எதிர்கொண்டு வருகிறான். பழைய பகை பெரிது. யாக்கோபு ஏழு முறை தரையில் விழுந்து வணங்குகிறார். அண்ணனோ ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். இந்தச் சமாதானத்தைப் பற்றி நாம் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்தபடி நடந்ததை மாத்திரம் நாம் அதிகமாய்க் கவனிப்பதில்லை.

இனிச் சேர்ந்தே பிரயாணம் செய்யலாம் என்று எசாவு அழைக்கிறான். யாக்கோபு வணக்கமாய் மறுக்கிறார். பிள்ளைகள் இளசுகள் என்கிறார். மந்தையில் பால் கொடுக்கிறவை இருக்கின்றன என்கிறார். ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்கிறார். அண்ணனை முன்னே போகச் சொல்லிவிட்டு, தாம் பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் தக்கபடி மெதுவாய் வருவதாகச் சொல்லுகிறார். இப்படிச் சொன்னவர் அப்போதுதான் தொடை நரம்பு சுளுக்கி நொண்டி நடந்து வந்தவர் என்பதையும் மறக்கவேண்டாம். இரவெல்லாம் ஒருவரோடு போராடி, அவருடைய கையால் தொடப்பட்டு, விடியும்போது நொண்டிக்கொண்டே நடந்தவர் அவர். தாம் நொண்டுகிறதை அறிந்தவருக்கே பிள்ளைகளின் நடை கண்ணில் படுகிறது.

நான் அப்படி நடக்கவில்லை, பிரியமானவர்களே. அதை உங்கள் முன்பாக ஒப்புக்கொள்வதற்காகவே இந்த வாரம் இந்த வசனத்தை எடுத்துக்கொண்டேன்.

சென்ற வருஷம் உங்கள் காணிக்கையைக்கொண்டு நம் கோயிலுக்கு ஒரு கீபோர்டு வாங்கினோம். பழைய ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி கிழிந்து, தைத்துத் தைத்து இனித் தைக்க இடமில்லாமல் போயிருந்தது. புதுக் கருவி வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அதிக சந்தோஷம். அதில் தாளப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் தபேலாவும் டிரம்ஸும் தானாகவே முழங்கும். நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று ஓர் எண்ணை வைத்துவிட்டால், பாட்டு முடிகிறவரை அந்த எண் மாறாது. பாடுகிறவர் மூச்சு வாங்கினாலும், இருமினாலும், வார்த்தையை மறந்து தடுமாறினாலும் அந்தத் தாளம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

நம் பங்கில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பேர் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். வாலிபத்திலிருந்து நடவு வயலில் பாட்டு எடுத்துக் கொடுத்தவர்கள். தபசு காலத்தில் சிலுவைப் பாதைப் பாட்டை அவர்கள் எடுத்தால்தான் மற்றப் பெண்கள் தொடருவார்கள். அவர்களுடைய பாட்டு மெதுவாகப் போகும்; ஒவ்வொரு அடியின் முடிவிலும் நீட்டி நிறுத்தும். கீபோர்டு வந்தபின் அவர்கள் எப்போதும் அரை அடி பின்னாலேயே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அறிவிப்புகள் வாசித்த கையோடு, அத்தனை பேர் முன்னிலையில், "அம்மா, தாளத்தைக் கேட்டுப் பாடுங்க; பின்னால இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு முதல் அவர்கள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாட்டு ஒழுங்காகிவிட்டதென்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாளின் பேரன் ஒருவன், வயது 13. பேச்சு அவனுக்குச் சுணக்கம். வலது கை சொன்னபடி கேட்காது. இரண்டு வருஷம் புதுநன்மை வகுப்புக்குத் தவறாமல் வந்தான். பரீட்சை நாளில் விசுவாசப் பிரமாணத்தை இரண்டு வரிக்குமேல் சொல்ல அவனுக்கு முடியவில்லை. முதல் வருஷமும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். இரண்டாம் வருஷமும் அப்படியே சொன்னேன். அன்று மாலை பாட்டியம்மாள் சாமியார் பங்களா வாசலில் வந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாமி, பாட்டையும் வெரட்டுறீங்க, புள்ளையையும் வெரட்டுறீங்க. நாங்க எப்ப சாமி வந்து சேர்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

குருமடத்தில் பல வருஷம் தேவசாஸ்திரம் படித்தவன் நான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை.

சில நாள் கழித்து, நம் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, ஒரு புதுவிதமான பியானோவைத் தன் கைபேசியில் எனக்குக் காட்டினான். ஜப்பான் தேசத்தில் யமஹா கம்பெனியாரும் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உண்டாக்கியது. அதன் பேருக்குத் தமிழில் "யாருக்கும் பியானோ" என்று பொருள் சொல்லலாம். கை கால் சரியாய் இயங்காத ஒரு பள்ளி மாணவி, ஷோப்பான் என்ற மேதை இயற்றிய ஓர் இரவுக் கீதத்தை ஒரே விரலால் வாசிக்கப் பிரயாசைப்பட்டதைக் கண்டதிலிருந்து 2015-ல் இந்த முயற்சி தொடங்கியது. அந்தக் கீதத்தில் வலது கை இராகத்தை வாசிக்கையில் இடது கை தூரத் தூரமாய்த் தாவவேண்டும். காலால் பெடலை மிதித்து விடவேண்டும். அந்த மாணவியால் ஆகக்கூடியது இராகத்தின் சுரங்களை ஒவ்வொன்றாய் அழுத்துவது ஒன்றே. மற்ற எல்லாவற்றையும் பியானோ செய்தது. அவள் ஒரு சுரத்தை அழுத்தினால் அதற்குரிய பக்க இசை உடனே சேர்ந்தது. அவள் தயங்கினால் அதுவும் தயங்கியது. அடுத்த சுரத்தை அவள் விரல் தேடிக் கண்டுபிடிக்கிறவரை காத்திருந்தது.

இந்த வித்தை எப்படி நடக்கிறதென்று விசாரித்தேன். கருவியின் உள்ளே பாட்டின் சுரங்கள் வரிசையாய் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. வாசிக்கிறவர் கட்டையை அழுத்தும்போதெல்லாம், அவர் இப்போது பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கருவி ஒத்துப் பார்க்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே எவ்வளவு நேரமானது என்று அளந்து, அதிலிருந்து அவர் நடையைத் தெரிந்துகொள்கிறது. இந்த யோசனை ஒரேயடியாய் நேற்று முளைத்ததல்ல. 1984-லேயே ராஜர் டேனன்பர்க், பாரி வெர்க்கோ என்ற இரு நிபுணர்கள், வாசிக்கிறவரைப் பின்தொடர்ந்து பக்க இசை கொடுக்கும் கம்ப்யூட்டர் முறைகளைத் தனித்தனியே வெளியிட்டார்கள். டேனன்பர்க்கின் முறையில் ஒரு விசேஷம் உண்டு. வாசிக்கிறவர் ஒரு சுரத்தை விட்டுவிட்டாலோ, தவறான சுரத்தைத் தொட்டுவிட்டாலோ, கருவி வழிதவறிப் போவதில்லை. பிழையைப் பொறுத்துக்கொண்டு, அவர் எங்கே வந்து சேருகிறார் என்று பார்த்து, அந்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

2023 டிசம்பரில் டோக்கியோ நகரத்துச் சன்டரி மண்டபத்தில் சரீர ஊனமுள்ள மூன்று பேர் இந்தப் பியானோவில் அமர்ந்து, முழு வாத்தியக் குழுவோடும் பாடகர் குழுவோடும் பேத்தோவனின் 9-வது சிம்பொனியை வாசித்தார்கள். அந்தச் சிம்பொனியை இயற்றியவரே காது கேளாதவர். 1824-ல் வியன்னாவில் அது முதன்முதல் வாசிக்கப்பட்டபோது, ஜனங்கள் கைதட்டியது அவருக்குக் கேட்கவில்லை. அவரைச் சபையின் பக்கம் திருப்பிக் காட்டவேண்டியிருந்தது.

தம்பி கைபேசியை மூடிவிட்டான். நம் கீபோர்டும் அந்தப் பியானோவும் என் மனதில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நம்முடையது மனிதரைத் தன் நடைக்கு இழுக்கிறது. அதுவோ மனிதருடைய நடைக்குத் தான் வருகிறது. பாட்டியம்மாள் கேட்ட கேள்வி மறுபடியும் என் காதில் விழுந்தது. அதிலிருந்து நான் படித்த மூன்று காரியங்களை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது: சர்வேசுரன் நம்முடைய நடைக்கு இறங்கி வருகிறவர்.

உயிர்த்த நாளின் மாலையில் இரண்டு சீஷர்கள் எம்மாவுஸ் ஊருக்கு நடந்து போனார்கள். ஜெருசலேமிலிருந்து ஏறக்குறைய ஏழு மைல். துக்கப்படுகிறவர்களின் நடை எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்களை நம் குடமுருட்டிக் கரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொண்டு நடந்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். மரணத்தை வென்றவருக்கு அந்த ஏழு மைல் ஒரு தூரமா? நினைத்தால் அவர்களுக்கு முன்னே போய், வீட்டு வாசலில் நின்று வரவேற்றிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் நடந்தபடி நடந்தார். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று விசாரித்தார். தமக்குத் தெரிந்த கதையையே அவர்கள் வாயால் முழுதும் கேட்டார். அதன்பின்பே வேதாகமத்தை விளக்கினார். அவர்கள் அவரைக் கண்டுகொண்டது அப்பம் பிட்கும் நேரத்தில்தான்.

பெத்சாயிதா குளத்தண்டையில் 38 வருஷமாய் வியாதியாயிருந்தவனையும் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கலங்கும்போது முந்தி இறங்குகிறவனுக்கே சுகம் என்று ஜனங்கள் நம்பியிருந்தார்கள். அவன் எழும்பி நகருவதற்குள் வேறொருவன் இறங்கிவிடுவான். ஒவ்வொரு முறையும் இப்படியே. கால் உள்ளவர்கள் நோயாளியை முந்துகிற பந்தயமாக அந்தக் குளம் இருந்தது. நம் ஆண்டவர் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பந்தயத்தில் ஓடவில்லை. அவன் படுத்திருந்த இடத்துக்கே போனார். அங்கேயே சுகம் கொடுத்தார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தேவ சுதன் நசரேத்தூரில் சுமார் 30 வருஷம் வாழ்ந்தாரே, அது என்ன? பேசக் கற்றார், நடக்கக் கற்றார், வேலை கற்றார். உலகத்தை இரட்சிக்க வந்தவர் மனுஷப் பிள்ளை வளருகிற வேகத்திலேயே வளர்ந்தார். நம்மை அவசரப்படுத்தாதவர் தம்மையும் அவசரப்படுத்தவில்லை.

ஆகையால், பிரியமானவர்களே, உங்களில் யாராவது, நான் ஜெபத்தில் பின்தங்கிவிட்டேன், பாவசங்கீர்த்தனம் செய்து பல வருஷமாயிற்று, எல்லாரும் போய்விட்டார்கள், இனிச் சர்வேசுரன் எனக்காகவா நிற்பார் என்று மனம் தளர்ந்திருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு சுரத்தை விட்டுவிட்டீர்கள் என்பதற்காக அவர் பாட்டை முடித்துக்கொண்டு போகிறவரல்ல. நீங்கள் நிற்கிற இடம் அவருக்குத் தெரியும். அங்கேயே வந்து சேர்ந்துகொள்வார். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்குப் பிந்தித்தான் வருகிறது. ஆனாலும் தலைமடையில் பாய்ந்த அதே காவேரிதான் அங்கும் பாய்கிறது.

இரண்டாவது: சுரத்தை நாம்தான் தொடவேண்டும்.

இங்கே ஒருவர் எழுந்து, "சாமி, அப்படியானால் அவரவர் வேகத்தில் திருந்திக்கொள்ளலாமே, குடியை அடுத்த வருஷம் விடுகிறேன், சண்டையை அதற்கடுத்த வருஷம் விடுகிறேன்" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. பதிலும் அந்தப் பியானோவிலேயே இருக்கிறது.

அது காத்திருக்கும், ஆனால் பாட்டை மாற்றாது. வாசிக்கிறவர் மெதுவாய் வாசிக்கலாம். அதற்காக ஷோப்பான் எழுதின கீதம் வேறொரு கீதமாய்ப் போவதில்லை. பத்துக் கற்பனைகளும் அப்படியே. நமக்கு நேரம் கொடுக்கப்படுகிறது, கற்பனைகள் திருத்தப்படுவதில்லை. அடுத்தபடியாக, அந்த மாணவி விரலை வைக்காமலே உட்கார்ந்திருந்தால் எத்தனை மணி நேரமானாலும் ஒரு சத்தமும் எழும்பியிராது. அவ்வளவு பெரிய கருவி, ஒரு விரலின் சம்மதத்துக்காகக் காத்திருந்தது. தேவ வரப்பிரசாதம் மனிதனை முந்திக்கொண்டு வந்து அவனைத் தூண்டுகிறது என்றும், மனிதன் சுயாதீனமாய் அதற்குச் சம்மதித்து ஒத்துழைக்கவேண்டும் என்றும் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1547-ல் போதித்தது. நாம் குருமடத்தில் மிகவும் பிரயாசைப்பட்டுப் படித்த இந்தப் பாடத்தை, ஒரு விரலால் வாசித்த பிள்ளை எனக்கு விளங்கவைத்தாள். பெரும் பங்கு கருவியினுடையதே; ஆயினும் அவள் தொடாமல் ஒன்றும் ஆகவில்லை.

அர்ச். மோனிக்கம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் அகுஸ்தீன் வழிதவறினான். கார்த்தாகோவிலிருந்து தாயை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாய்க் கப்பலேறி ரோமாபுரிக்குப் போனான். அங்கிருந்து மிலானுக்குப் போனான். தாய் கடல் கடந்து பின்னாலேயே போனார்கள். அழுதார்கள், ஜெபித்தார்கள், காத்திருந்தார்கள். ஆனால் மகனுடைய தவற்றை ஒரு நாளும் சரி என்று சொல்லவில்லை. 387-ம் வருஷம் பாஸ்குத் திருவிழாவில் அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷத்தில் தாய் காலஞ்சென்றார்கள். காத்திருப்பது என்பது இதுதான். பிழையை ஒப்புக்கொள்வதுமல்ல, பிழை செய்தவனை விட்டுப் போவதுமல்ல. நாளை பார்க்கலாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம்முடைய வேகம் நம்முடையது, நம்முடைய நாட்களோ நம்முடையவை அல்ல. இன்றைக்கு ஒரு சுரத்தையாவது தொடுங்கள்.

மூன்றாவது: நாம் ஒருவருக்கொருவர் பக்கவாத்தியமாய் இருக்கவேண்டும்.

இவ்வூர்ப் பேரைத் தம் பேரோடு சுமந்து புகழ்பெற்றவர் தவில் வித்துவான் வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை. தவில் எவ்வளவு பலமான வாத்தியம் என்று நம் சீமையில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நினைத்தால் நாதஸ்வரத்தையே மூழ்கடித்துவிடும். ஆனால் நல்ல வித்துவான் நாதஸ்வரக்காரருடைய மூச்சைக் கவனித்துக்கொண்டே வாசிப்பார். தனி ஆவர்த்தனம் வருகிறபோதுதான் தம் கை முழுவதையும் காட்டுவார். பலமில்லாதவன் அடங்கியிருப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. பலமுள்ளவன் மற்றவருக்காகத் தன் கையை அடக்குகிறானே, அதுதான் தேவசிநேகத்துக்கு அடுத்த பிறர்சிநேகம்.

கோயில் இசையைப் பற்றித் திருச்சபையின் நினைவும் இதுவே. அர்ச். 10-ம் பத்திநாதர் 1903 நவம்பர் 22-ல், அர்ச். செசிலியம்மாள் திருநாளன்று, தேவ ஆராதனை இசையைப் பற்றி ஒரு கட்டளை எழுதினார். அதில் கோயிலுக்குள் பியானோ கூடாதென்றே விலக்கினார். வாத்தியம் பாடுகிறவர்களின் குரலைத் தாங்கவேண்டுமேயல்லாமல் அமுக்கக்கூடாது என்பது அவர் கருத்து. 1958-ல் ரோமாபுரியிலிருந்து வந்த விதிகள், தானாக இயங்கும் வாத்தியங்களையும் இசைத்தட்டு முதலிய கருவிகளையும் ஆராதனையில் விலக்கின. பின்பு 2-ம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ல், ஆராதனைக்குத் தகுதியான மற்ற வாத்தியங்களையும், அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரிகளின் சம்மதத்தோடு, அனுமதித்தது. ஆனாலும் 1967-ல் வெளியான இசை விதிகள் பழைய கருத்தை விடவில்லை: வாத்தியம் குரலுக்கு ஆதாரமாகவும் ஜனங்கள் சேர்ந்து பாட உதவியாகவும் இருக்கலாம், வார்த்தை கேளாதபடி குரலை மூடக்கூடாது. வாத்தியங்களின் பேர் மாறிற்று, முறை மாறவில்லை. நம் கோயிலில் ஒரு பாட்டியம்மாளின் குரலைக் கருவி அமுக்கிற்று. அந்தக் கருவியைப் பொத்தான் அழுத்தி விட்டவன் நான்.

இன்னொன்றும் உண்டு. பியானோவை வாசலுக்கு வெளியே நிறுத்தின அதே 10-ம் பத்திநாதர்தான், 1910 ஆகஸ்ட் 8-ல் சிறு பிள்ளைகளுக்குத் தேவ நற்கருணையின் வாசலைத் திறந்துவிட்டார். அதற்கு முன் பல தேசங்களில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயது, அதற்கும் மேல் காத்திருக்கவேண்டியிருந்தது. சுமார் ஏழு வயதில், புத்தி விவரம் தெரியத் தொடங்கும்போதே அவர்களைச் சேர்க்கலாம் என்று அவர் தீர்ப்புச் செய்தார். ஞானோபதேசத்தைப் பூரணமாய் அறிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. முக்கியமான சத்தியங்களைத் தன் சக்திக்குத் தக்கபடி அறிந்து, சாதாரண அப்பத்துக்கும் தேவ நற்கருணைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தால் போதும் என்றார். இன்று வழங்கும் 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமும் 913-ம் இலக்கத்தில் பிள்ளையின் சக்திக்குத் தக்கபடி என்றே சொல்லுகிறது. இவையெல்லாம் நான் படித்தவைதான். படித்தும், ஒரு பிள்ளையை இரண்டு வருஷம் வாசலில் நிறுத்தினேன்.

போன வாரம் அந்தச் சிறுவனை அவன் பாட்டியோடு கோயிலுக்கு வரச் சொன்னேன். ஒரு கையில் கடை ரொட்டித் துண்டையும், மறு கையில் இன்னும் மந்திரிக்கப்படாத அப்பத்தையும் வைத்துக் காட்டி, "பூசையில இது என்னவா மாறுது தம்பி?" என்று கேட்டேன். பிறகு சும்மாயிருந்தேன். அவன் வாய் திறந்து மூடிற்று. வழக்கம்போல் அடுத்த கேள்விக்குப் போய்விட எனக்கு மனம் துடித்தது. பாட்டியம்மாள் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கிற நேரமிருக்கும். அவன் நற்கருணைப் பேழையின் பக்கம் இடது கையை நீட்டி, "இது... கடையில... கிடைக்கும். அது... ஏசுசாமி" என்றான்.

பத்திநாதர் கேட்டது இவ்வளவுதான். இந்தப் பதில் இரண்டு வருஷமாய் அவனிடத்தில் இருந்திருக்கவேண்டும். அதைச் சொல்ல அவனுக்கு வேண்டிய நேரத்தை நான் கொடுத்ததில்லை.

வெளியே வரும்போது பாட்டியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டு வயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். "நடவுல கை சுணங்குனவ ஒருத்தி எப்பவும் இருப்பா சாமி. அவளத் திட்டுனா நடவு ஏறுமா? பக்கத்துல நிக்கிறவ அவ நாத்து முடியில ரெண்டு வாங்கி, தன் பாத்தியோட சேத்து நட்டுட்டுப் போவா. பாட்டு கைக்கு வரணும் சாமி, கைய பாட்டுக்கு இழுக்கக் கூடாது" என்றார்கள். இப்போது பல வயல்களில் இயந்திரம் நடுகிறது. அந்தப் பாட்டும் குறைந்துவிட்டது. ஆயினும் இதைவிட நல்ல பிரசங்கத்தை இந்த மூன்றாம் பகுதிக்கு என்னால் எழுத முடியாது.

வீட்டுக்கு வீடு இதே காரியம் நடக்கிறது, பிரியமானவர்களே. வயதான தகப்பனார் ஒரே செய்தியை மூன்றாம் முறை சொல்லும்போது மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கணக்கில் பின்தங்கின பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாய் திட்டுகிறாள். வேறு ஊரில் பிறந்து வளர்ந்து வந்த மருமகள் நம் வீட்டு வழக்கத்தைக் கற்க ஒரு வருஷம் ஆகுமே என்று மாமியார் நினைப்பதில்லை. அந்த ஜப்பான் பியானோ ஓர் இயந்திரம். வாசிக்கிறவர் ஏன் நின்றார், வலியினாலா, பயத்தினாலா, மறதியினாலா என்று அதற்குத் தெரியாது. அதற்கு அன்பும் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றையே காத்திருக்கும்படி மனிதர் பழக்கியிருக்க, காரணம் அறியக்கூடிய நாம், அன்பு செய்யும்படி ஞானஸ்நானம் பெற்ற நாம், நம் சொந்தப் பிள்ளைக்காக ஒரு நிமிஷம் நிற்க மாட்டோமா?

முடிவாக, நாம் செய்யவேண்டிய சில காரியங்களைக் குறிப்பிடுகிறேன்.

வருகிற ஞாயிறு முதல் காலை முதல் பூசையில் கீபோர்டின் தாளப் பொத்தானைத் தொடுவதில்லை. பழைய பாட்டுகளைப் பெரியவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். கீபோர்டு தம்பி அவர்கள் மூச்சைப் பார்த்து வாசிப்பான். அவனே ஆசையோடு ஒப்புக்கொண்டான். இரண்டாம் பூசையில் வாலிபர்கள் தங்கள் பாட்டைத் தங்கள் தாளத்தில் பாடட்டும். அவர்களுக்கும் ஒரு நடை உண்டு, அதையும் நாம் பொறுத்துக்கொள்வோம்.

ஜெபமாலையில் ஒரு பக்கத்தார் முடிப்பதற்குள் மறுபக்கத்தார் ஆரம்பித்துவிடுகிற வழக்கத்தை விட்டுவிடுவோம். எதிர்ப்பக்கத்தின் கடைசிக் குரல் ஓய்ந்தபின் தொடங்குங்கள்.

ஞானோபதேசம் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஆசிரியைகளும், ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்டால், மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கிறவரை அடுத்த பிள்ளையிடம் போகவேண்டாம். இந்த விதி எனக்கும் சேர்த்துத்தான்.

வருகிற தேவ நற்கருணைத் திருநாளில் நம் பங்கில் ஒரு சிறுவன் புதுநன்மை வாங்குவான். அன்று கோயில் நிறைந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவன் பீடத்தண்டை நடந்து வரக் கொஞ்சம் நேரமாகும். அந்த நேரத்தில் அவன் பாட்டியம்மாள் பாடுவார்கள். நாமெல்லாரும் அவர்களோடு பாடுவோம். அவன் வந்து சேருகிறவரை பாட்டு முடியாது.

நொண்டி நடந்த யாக்கோபுக்கு வழித்துணையாய் இருந்தவரும், எம்மாவுஸ் பாதையில் துக்கப்பட்டவர்களோடு நடந்தவருமாகிய நம் ஆண்டவர், நம்மில் முந்துகிறவர்களுக்குப் பொறுமையையும், பிந்துகிறவர்களுக்குத் தைரியத்தையும் அருளி, கலிலேயாவிலிருந்து கல்வாரி மட்டும் தம்மைப் பின்தொடர்ந்து நடந்த தேவமாதாவின் மன்றாட்டினால், நம் எல்லாரையும் ஒருவர்கூடக் குறையாமல் மோட்ச வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பாராக. ஆமென்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
உங்கள் பங்குச் சுவாமி,
வலங்கைமான்.